உடலா பழி?

ஆடற்கலையைத் தூய்மைப்படுத்தினோம் என்று மார்தட்டுவோரைக் கேட்கிறோம்: அழுக்கு எங்கே இருந்தது? ஆடிய உடலிலா, அந்த உடலைப் பொட்டுக்கட்டி ஆண்டவன் பெயரால் அடிமையாக்கிய முறையிலா?

அம்முறையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் நடத்திய போரின் வெற்றி அது; போற்றுகிறோம். ஆனால், சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறி மேட்டுக்குடியினர் மேடை ஏறியபோது நடந்தது என்ன? கலையைக் காத்த குலத்துப் பெண்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். காதற்சுவை இழிவெனக் குறைக்கப்பட்டது. எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை இது!

காதற்சுவையே இக்கலையின் உயிர் என்று வாதிட்டவர், அக்குலத்தில் பிறந்த பாலசரசுவதி. சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ என்னும் ஆவணப்படத்தில், 58 வயதில், கடலோரத்தில் ஆடுகிறார். இளமை இல்லை, கொடியிடை இல்லை. காற்று சேலையை அலைக்கிறது. பாடல் கண்ணனை அழைக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதோ, பிள்ளையை அழைக்கும் ஒரு தாய்!

அம்மையார் பக்தர்; நாம் அல்லோம். அதனால் அந்தக் கைகளின் அழகை மறுப்போமா? மாட்டோம். ஆனால், அது வானிலிருந்து இறங்கிய வரமன்று. 7 வயதில் அரங்கேறி, கந்தப்ப நட்டுவனாரிடம் அடவு அடவாகப் பயின்று, எலும்பும் தசையும் ஈட்டிய செல்வம் அது.

தோழர்களே! பெண்ணின் உடலைக் கோயிலுக்கும் கொடுக்க வேண்டா. வெட்கத்திற்கும் கொடுக்க வேண்டா. அது அவளுடையது. அவள் ஆடட்டும்!