மதியக் கச்சேரியும் மடியில் குழந்தையும்

மார்கழி சீசனில் சென்னை சபாக்கள் பலவற்றில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. இளம் பாடகர்கள் மேடையேறும் வேளை அது. நாற்காலிகள் பல காலியாக இருக்கும். சின்னக் குழந்தையை அழைத்துப்போக இதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியவில்லை. சிணுங்கினால் தூக்கிக்கொண்டு வெளியே வரலாம். காசு வீணாயிற்றே என்ற வருத்தமில்லை.

சற்று முன்னதாகப் போய் முன்வரிசையில் உட்காருங்கள். மிருதங்கக்காரர் இடப்பக்கத் தோலில் ஈர ரவையை அப்புவதைக் குழந்தை பார்க்க வேண்டும். உப்புமா ரவையா என்று கேட்கும். அதே ரவைதான், அதன் பாரம்தான் அந்தப் பக்கத்துக்குக் கனத்த நாதம் தருகிறது. ஒலிப்பதிவில் இந்தக் காட்சி கிடைக்காது.

ஆலாபனை நீண்டால் நெளியத்தான் செய்யும், அதட்ட வேண்டாம். கிருதி தொடங்கியதும் அதன் கையைப் பிடித்து ஆதி தாளம் போடுங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணிக்கை, மறுபடி முதலிலிருந்து. நாலு வயதுக்குக்கூட இது பிடிபட்டுவிடுகிறது, பாருங்கள்!

கடம் இருக்கும் கச்சேரியாகப் பார்த்துப் போவது நல்லது. தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் பெரியவர்கள் சிலர் காண்டீனுக்கு எழுந்து போவார்கள். குழந்தைக்கோ அதுதான் உச்சம். வயிற்றோடு அணைத்த மண்பானையிலிருந்து விரல்கள் இத்தனை பேச்சை வரவழைப்பதைக் கண்கொட்டாமல் பார்க்கும். தனி முடிந்ததும் கிளம்பிவிடலாம். கடைசியில் வரும் துக்கடாக்களை அடுத்த ஆண்டு கேட்டுக்கொள்ளலாம்.