மாவீரனும் லயத்து மக்களும்

அதிமானிட வீரக் கதையையும் உளவியல் திகிலையும் ஒருங்கிணைக்க முயன்ற தமிழ்ப் படங்களுள் மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ (2023) குறிப்பிடத்தக்கது. அஞ்சி ஒடுங்கும் சித்திரக்கதை ஓவியனான சத்யாவை வீரனாக்குவது, அவனுக்கு மட்டுமே கேட்கும் ஒரு குரல். எனினும், குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டோர் வாழும் அடுக்குமாடியின் விரிசல்களே படத்தின் மெய்யான திகிலாகும். 2016 மே மாத மண்சரிவில் லயக் குடியிருப்பு புதையுண்ட கேகாலை மாவட்டத்தின் தோட்ட மக்கள் அவ்வச்சத்தை நன்கறிவர்.

ஆயின், அச்சத்தைச் சமூகம் முழுவதற்கும் உரியதாகக் காட்டிய இயக்குநர், மீட்பைத் தனியொருவனிடம் ஒப்படைத்துவிடுகின்றார். குடியிருப்பாளர் ஒன்றுதிரள்வதற்கான சாத்தியம் கதையினுள்ளேயே இருந்தும் வளர்க்கப்படவில்லை. பாதுகாப்பான வீடு மக்களின் உரிமை. வீரனொருவனின் கொடையாக அதனைக் கருதுதல் தகாது. சத்யாவின் செவியில் ஒலித்த குரல் அக்குடியிருப்பாளர் அனைவர் செவியிலும் ஒலித்திருப்பின், படம் இன்னும் உயர்ந்திருக்கும்.