டூப்ளேயைத் தேடி அச்சிட்டவர்கள்

பாரதியும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் பிரிட்டிஷ் ஒற்றர்களுக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்த புதுச்சேரியில், 1911ஆம் ஆண்டு, கவர்னர் ஆல்ஃப்ரெட் மார்த்தினோ ஒரு சின்னக் கழகத்தைத் தொடங்கினார். பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகம் என்று பெயர். அதன் பெரிய வேலைகளைத் தூக்கிச் சுமந்தவர்களில் நிர்வாக அதிகாரி உண்டு, வக்கீல் உண்டு. வரலாற்றையே தொழிலாகக் கொண்டவர்கள் என்று சொல்ல முடியாது. இன்று புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடக்கிறவர்களிடம் கேட்டால் அப்படியொரு கழகம் இருந்ததா என்பார்கள். ஆனால், பதினெட்டாம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கரையைப் பற்றி உருப்படியாக எழுதப்பட்ட எந்தப் புத்தகத்தையும் எடுத்து அடிக்குறிப்புகளைப் புரட்டுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் அதன் வெளியீடு ஒன்று வந்து நிற்கும்.

மார்த்தினோ இதைத் தொடங்கியதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இழந்துபோன ஒரு சாம்ராஜ்யத்தின் ஏக்கம்தான் காரணம். 1742 முதல் 1754 வரை புதுச்சேரி கவர்னராக இருந்து, பாதியில் திருப்பி அழைக்கப்பட்டு, பாரிஸில் கடனாளியாகச் செத்த டூப்ளேயைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மறுபடி எழுப்பி உட்கார வைத்திருந்தது. 1868இல் மல்லெசன் என்ற ஆங்கிலேயரே அவரைப் பெரிய வீரராக்கிப் புத்தகம் எழுதினார். 1870இல் புதுச்சேரியில் சிலை வைத்தார்கள். மார்த்தினோவும் 1920 முதல் 1928 வரை டூப்ளே பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். பாரிஸின் கொலேழ் த ஃபிரான்ஸில் குடியேற்ற வரலாற்றுப் பேராசிரியராகவும் ஆனார். அந்த நான்கு தொகுதிகளில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடிதத்தையும் கணக்கையும் நாள் வாரியாக அடுக்கிக்கொண்டே போகும்போது, முன்கூட்டித் திட்டம் போட்டுப் பேரரசு கட்டிய டூப்ளே மெல்லக் கரைந்துவிடுகிறார். படைச்செலவும் கடனும் நவாபுகளின் சண்டையும் இழுத்த பக்கமெல்லாம் போன ஒரு பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிதான் மிஞ்சுகிறார். தேடிப்போன நாயகனை அவர் சேர்த்த காகிதமே சிறிதாக்கிவிட்டது.

அந்தத் தொகுதிகளை இன்று யாரும் ஆசையாகப் படிப்பதில்லை. கழகம் நிலைத்தது அதன் அச்சுவேலையால். கம்பெனியின் ஆட்சிமன்றமும் நீதிமன்றமுமாக இருந்த புதுச்சேரி மேல்சபையின் 1701 முதல் 1739 வரையிலான கூட்டக் குறிப்புகளை 1911க்கும் 1914க்கும் இடையில் மூன்று தொகுதிகளாகப் போட்டார்கள். புதுச்சேரி கவர்னர்கள் இந்திய அரசர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளும் கடிதங்களும் அதே ஆண்டுகளில் வந்தன. மேல்சபைக்கும் பாரிஸிலிருந்த கம்பெனிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து ஆறு தொகுதிகள், 1920 முதல் 1934 வரை. பிறப்பு, திருமணம், இறப்பு எழுதிய எத்தாசிவில் பதிவேடுகளுக்குச் சுருக்கம். இடையே ஓர் ஆய்விதழ். ஒரு சிறு ஊரின் கழகத்துக்கு இது நம்ப முடியாத உழைப்பு.

ஏன் இந்த அவசரம் என்பதற்கு ஊரின் கதையே பதில். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு 1778, 1793, 1803 என்று மூன்று தடவை ஊர் கைமாறி, 1816இல்தான் கடைசியாகப் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. ஒவ்வொரு கைமாற்றிலும் காகிதம் சிதறும். மிஞ்சியதைக் கரையானும் கடற்காற்றின் ஈரமும் பார்த்துக்கொள்ளும். ஊரை இந்தியாவிடம் ஒப்படைத்து 1956இல் கையெழுத்தான உடன்படிக்கை இன்னொரு வெட்டு வெட்டியது: வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் பிரான்சின் பொறுப்பில், நிர்வாகத்துக்குத் தேவையானவை இந்தியாவிடம். பழைய காகிதங்களில் பெரும்பகுதி கப்பலேறி, இன்று தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் காப்பகத்தில் இருக்கிறது. புதுச்சேரியில் இருந்துகொண்டு புதுச்சேரியின் பதினெட்டாம் நூற்றாண்டைப் படிக்க வேண்டுமென்றால், விசாவும் விமானச் சீட்டும் இல்லாதவருக்குக் கழகம் அச்சிட்டு வைத்ததுதான் முதல் கதி.

அந்த வரிசையில் நான் மிக உயர்த்திச் சொல்வது இரண்டைத்தான். ஒன்று, எத்மோன் கொதார் தொகுத்த ஆவணப் பட்டியல். பிரெஞ்சிந்தியாவின் பழைய கையெழுத்து ஆவணங்களுக்கு 1922 முதல் 1936 வரை எட்டுத் தொகுதிகள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, சந்திரநாகூர், ஏனாம், மசூலிப்பட்டினம் என்று இடம் பிரித்து, ஒவ்வொரு காகிதத்துக்கும் தேதி போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சில வரி எழுதியிருக்கிறார். படிக்கச் சுவையான புத்தகம் என்று யாரையும் ஏமாற்ற மாட்டேன். ஆனால் ஒரு துறையின் ஆயுளைக் கூட்டுவது இந்த மாதிரி வறண்ட வேலைதான். நல்ல வரலாற்று நூலுக்கு ஒரு தலைமுறை ஆயுள். நல்ல பட்டியல், அது காட்டுகிற காகிதமே மட்கிப்போன பிறகும் உழைக்கும்.

இரண்டாவது, ஞானு தியாகுவின் வேலை. கழகத்தின் தமிழர்களில் முதன்மையானவர் இவர். வழக்கறிஞர், பிரெஞ்சில் இந்து சட்டக் கோட்பாடுகளைப் பற்றி விரிவாக எழுதியவர். புதுச்சேரி மேல்சபை வழங்கிய தீர்ப்புகளை 1935 முதல் 1941 வரை எட்டுத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். மார்த்தினோ தேடியது கவர்னர்களை. தியாகு எடுத்துப் போட்டதில் வருகிறவர்கள் கடன் வாங்கியவர்கள், கடன் கொடுத்தவர்கள், பாகப்பிரிவினையில் அடித்துக்கொண்ட பங்காளிகள், நகையை அடமானம் வைத்தவர்கள். ஒரு வக்கீல் இப்படித் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. வாரிசு வழக்கில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய தீர்ப்புக்கு அந்த ஊரில் நடைமுறைப் பயன் இருந்தது. 1819இல் வந்த ஒழுங்குமுறை, இந்தியர்களின் வழக்குகளை அவரவர் சாதிச் சட்டப்படியும் வழக்கப்படியுமே தீர்க்க வேண்டும் என்று எழுதிவைத்தது. வழக்கம் எது என்று நீதிபதிகளுக்குச் சொல்ல 1827இல் ஒரு ஆலோசனைக் குழுவே அமைத்தார்கள். பழைய தீர்ப்பு அங்கே கோர்ட்டில் காட்டக்கூடிய சாட்சி. வழக்குக்காகத் திரட்டியதைப் பிற்பாடு சமூக வரலாறு எழுதுகிறவர்கள் வாரிக்கொண்டார்கள்.

அந்த இழையைப் பிடித்து முன்னே போனவர் ஜான்-குளோத் பொன்னான். உள்ளூர்க்காரர்களின் வழக்குகளை விசாரித்தது ‘ஷோத்ரி’ என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த சாவடி நீதிமன்றம். அதன் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகளை அவர் பதிப்பித்து, பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1999இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தியாகுவின் எட்டையும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், புதுச்சேரித் தமிழர்கள் வெள்ளைக்காரன் கோர்ட்டைக் கண்டு பயந்து ஒதுங்கியவர்கள் என்ற எண்ணம் போய்விடும். சாதித் தலைவர்களிடம் தோற்றவர் சாவடிக்குப் போகிறார், சாவடியில் தோற்றவர் மேல்சபைக்குப் போகிறார்.

மேல்சபையிலும் தோற்றவர் பாரிஸுக்கே போன கதையும் உண்டு. கம்பெனியின் தலைமைத் துபாஷாக இருந்த நைநியப்ப பிள்ளை 1716இல் கவர்னர் எபேரால் கைது செய்யப்பட்டார். கொடுங்கோன்மை, கலகம் என்று குற்றம் சாட்டினார்கள். விசாரணையில் மொழிபெயர்த்தவர் யேசு சபையாரின் உபதேசியார் மகன். அந்தச் சபையாரோ நைநியப்பருக்கு ஆகாதவர்கள். சொத்துப் பறிமுதல், பொதுவிடத்தில் சவுக்கடி, சிறை. 1717இல் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்பர் கப்பலேறி பாரிஸ் போனார், ஞானஸ்நானம் பெற்றார், அரசப் பிரதிநிதியாக ஆண்ட ஒர்லெயான் கோமகனே ஞானத்தந்தை ஆனார். தந்தையின் பெயரில் இருந்த களங்கம் நீங்கியது. மகன் செவாலியே பட்டத்தோடு ஊர் திரும்பினார். கவர்னர் எபேர் பதவி இழந்தார். இந்த வழக்கை மட்டும் எடுத்துக்கொண்டு தான்னா அக்மோன் 2017இல் ஒரு முழு நூல் எழுதினார். மேல்சபைக் குறிப்புகளில் கழகம் அச்சிட்ட காலப்பகுதிக்குள்தான் இந்த வழக்கும் வருகிறது. நூறு வருஷம் கண்ணெதிரே கிடந்த விஷயம். பார்க்கிறவர் டூப்ளேயைத் தேடிக்கொண்டிருந்தால் துபாஷ் கண்ணில் பட மாட்டார், அவ்வளவுதான்.

நைநியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை. அவர் மகன் ஆனந்தரங்கப் பிள்ளை. இங்கேதான் கழகத்தின் அச்சுக்கும் தமிழ் மூலத்துக்கும் இடையிலான தூரம் தெளிவாகத் தெரிகிறது. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரியில், ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு தான் இறக்கும் வரை பிள்ளை எழுதிய நாட்குறிப்பை 1846இல் கல்லுவா-மோன்பிரேன் கண்டெடுத்தார். படிகள் எடுக்கப்பட்டன, ஒன்று பாரிஸுக்குப் போனது. 1894இல் ழூலியான் வேன்சோன் சில பகுதிகளைப் பிரெஞ்சில் தந்தார். சென்னை அரசு 1904இல் தொடங்கி 1928இல் முடித்த ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதி. தமிழன் தமிழில் எழுதியது தமிழில் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது 1948இல்.

அதில் என்ன இருக்கிறது என்பதற்கு ஓர் இடம் போதும். 1748 செப்டம்பர். பாஸ்கவனின் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறது. அந்தச் சாக்கில் வேதபுரீசுவரர் கோயிலை இடிக்க உத்தரவாகிறது. நிர்வாகக் கண்ணுக்கு முற்றுகைக் காலத்து முடிவு ஒன்று, அதோடு சரி. பிள்ளையின் குறிப்பில் அது விரிகிறது. சாதித் தலைவர்களான மகாநாட்டார்கள் அவரிடம் ஓடிவருகிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். உற்சவ மூர்த்திகளையும் வாகனங்களையும் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். பாதிரியார் கேர்து சம்மட்டியோடு வந்து, மூலவரான லிங்கத்தைக் காலால் உதைத்து உடைத்ததாக எழுதுகிறார். இந்தக் கேர்துதான் பிற்பாடு சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருப்பதை வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே பாரிஸுக்கு எழுதிய அறிஞர். மொழியியல் வரலாறுகளில் அவருக்கு மரியாதையான ஒரு பத்தி உண்டு. சம்மட்டியைத் தெரிந்துகொள்ள நாட்குறிப்புக்குத்தான் வர வேண்டும். பிள்ளையும் நடுநிலையாளர் அல்லர். டூப்ளேயின் மனைவி மீதும் பாதிரிமார் மீதும் அவருக்குத் தீராத கசப்பு. அதையும் கணக்கில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அடிமை வியாபாரத்திலும் இதே கதை. ஆட்களை ஆசை காட்டி அழைத்துவந்து, தலையை மழித்து, வீட்டுக்குள் அடைத்து, இரவில் கப்பலேற்றிய கும்பல் 1743இல் பிடிபட்டதைப் பிள்ளை எழுதுகிறார். மொரீஷியஸுக்கும் ரெயூனியனுக்கும் போன தமிழ் அடிமைகளைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். கழகத்தின் பெரிய வெளியீடுகளில் அடிமைகள் இல்லாமல் இல்லை. சரக்குப் பட்டியலில், சொத்துக் கணக்கில், ஞானஸ்நானப் பதிவில் வந்துபோகிறார்கள். அவர்களுக்காக யாரும் அப்போது ஒரு தொகுதி தொகுக்கவில்லை.

1954இல் ஊர் இந்தியாவின் கைக்கு வந்த பிறகு துறை பல கைகளுக்குப் போயிற்று. 1955இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வந்தது. ஆனால் சமஸ்கிருதம், சைவ ஆகமம், தாவரவியல் என்று அதன் கவனம் பல பக்கம் பரந்தது. கழகத்தின் பணி ‘ரெவ்யூ இஸ்தோரிக் த போந்திஷெரி’ என்ற இதழாகக் கொஞ்ச காலம் தொடர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டைக் கழகம் ஏறக்குறைய தொடவே இல்லை. அந்த ஓட்டையை 1988இல் ழாக் வெபெர் ஐந்து தொகுதிகளால் அடைத்தார். செருப்போடு கோர்ட்டுக்கு வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளையின் 1873ஆம் ஆண்டு வழக்கு, 1881இல் தனிச்சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய ரெனோன்சான்கள், அவர்கள் வேலை தேடிப் போன சைகோன் எல்லாம் அதன்பின் ஆய்வுப்பொருளாயின. இந்தோசீனத்துப் பிரெஞ்சிந்தியர் பற்றிய நத்தாஷா பேரோதோவின் நூலை (2016) புதுச்சேரிக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். யார் வீட்டிலும் ஒரு சைகோன் தாத்தா இருப்பார்.

தமிழ்ப் பக்கத்தில் வேலை மெதுவாக, ஆனால் கெட்டியாக நடந்திருக்கிறது. பிள்ளையின் வாரிசுகளைப் போலவே நாட்குறிப்பு எழுதிய இரண்டாம் வீரா நாயக்கரை 1992இல் ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்தார். பிரெஞ்சுப் புரட்சியின் செய்தி கப்பலில் வந்து புதுச்சேரித் தெருவில் இறங்கியபோது ஒரு தமிழ்க் காவல் அதிகாரி அதை எப்படிப் பார்த்தார் என்று தெரிய அதுதான் வழி. பிள்ளையின் நாட்குறிப்புக்கு மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் கொண்டுவந்த பன்னிரண்டு தொகுதிப் பதிப்பு இப்போது கடையில் வாங்கக் கிடைக்கிறது. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்கள் நாட்குறிப்பைப் படிக்காத வீடுகளுக்கும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது.

அடுத்துத் தமிழில் வர வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் தியாகுவின் தீர்ப்புத் தொகுதிகளைச் சொல்வேன். எட்டும் வேண்டாம். பாகப்பிரிவினை, சுவீகாரம், சீர்வரிசை, அடமானம் பற்றிய வழக்குகளில் ஒரு முந்நூறு பக்கம் தேர்ந்து, பெயர்களைத் தமிழ் வடிவத்துக்குத் திருப்பி, பழைய பிரெஞ்சும் இந்து சட்டமும் தெரிந்த ஒருவர் குறிப்பு எழுதினால் போதும். பழைய பிரெஞ்சு எழுத்து நடையும் புதுச்சேரி நோத்தேர்களின் (நோட்டரிகளின்) வழக்கும் ஒருசேரத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் இப்போதும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வக்கீல்கள், பிரெஞ்சு ஆசிரியர்கள். வயது எழுபதைத் தாண்டியவர்கள். ஒரு பதிப்பகமோ பல்கலைக்கழகத் துறையோ அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். அதற்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.