அணைத்துப் பார்க்கும் வைத்தியம்

திருகோணமலைக்கு உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகம் உண்டு. கடலடிக் கேபிள் மட்டும் இங்கே கரையேறுவதில்லை. இலங்கையை வெளியுலகோடு இணைக்கும் கேபிள்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும்தான் ஏறுகின்றன. துறைமுகத்தின் சீனன்குடாவில் கோதுமைக் கப்பலோ கிளிங்கர் கப்பலோ வந்து நின்றால், அதற்கான வங்கி ஆவணமும் இருப்புக் கணக்கும் பெரும்பாலும் தரைவழியே கொழும்புக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். வீதிவழித் தூரம் சுமார் 260 கிலோமீற்றர். துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகமொன்றில் “சிஸ்டம் ஸ்லோ” என்று யாராவது சொன்னால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது இந்தத் தூரம். வருவது வேறொன்று.

சேர்வர் ஒன்றுக்குள் மென்பொருளால் பிரித்து ஓட்டப்படும் கணினிகளை மெய்நிகர் இயந்திரம் என்கிறோம். ஐடி பொடியன்களின் வாயில் அது விஎம். விஎம்மின் வலையமைப்பு மந்தமானால் கையாளப்படும் முறை எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அடாப்டரின் அமைப்புக்குள் போய் சிபியுவின் வேலையை வலையமைப்பு அட்டைக்கு மாற்றும் ஓஃப்லோட் வகையறாக்களை அணைப்பது, அடாப்டரின் வகையை மாற்றுவது, ரீஸ்டார்ட் செய்வது. வேகம் திரும்பினால் முறைப்பாடு முடிந்தது.

இதை அரைகுறை அறிவு என்று தள்ளிவிட முடியாது. அணைப்பதற்கு வலுவான பின்னணி உண்டு. வின்டோஸ் சேர்வர் 2012 வெளிவந்த பிறகு, அதன் விஎம் மென்பொருளான ஹைப்பர்-வியைப் பயன்படுத்தியவர்கள் பலரை ஒரு விநோதக் கோளாறு வாட்டியது. விஎம்களைத் தாங்கும் சேர்வரான ஹொஸ்ட் நன்றாக ஓடும். அதற்குள் இருக்கும் விஎம்களுக்கு மட்டும் பிங் நேரம் தாறுமாறாக எகிறும், கோப்புப் பிரதி ஊரும். காரணம் விஎம்கியூ. வந்துசேரும் பொதிகளை வலையமைப்பு அட்டையே விஎம் வாரியாகத் தனித்தனி வரிசைகளில் பிரித்து, வெவ்வேறு சிபியு கோர்களிடம் ஒப்படைக்கும் வசதி அது. புரோட்கொம் நிறுவனத்தின் 1 கிகாபிட் நெட்எக்ஸ்ட்ரீம் அட்டைகளின் ட்ரைவரில் அந்த வசதி பழுதாக இருந்தது. மைக்ரோசொஃப்ட்டும் அதை ஒப்புக்கொண்டு அறிவுக்குறிப்பு வெளியிட்டது. விஎம்கியூவை அணைத்தவுடன் விஎம்கள் உயிர்பெற்றன. 1 கிகாபிட்டுக்கு ஒரு கோரே போதும் என்பதால் அணைப்பதில் இழப்பும் இல்லை.

அடாப்டர் வகையை மாற்றுவதற்கும் இதேபோல நியாயம் உண்டு. ஈ1000 என்ற அடாப்டர் வகை இன்டெல் அட்டை ஒன்றைப்போல நடிக்கும் மென்பொருள். அந்த நடிப்புக்காக ஹொஸ்ட் ஓயாமல் குறுக்கிட வேண்டியிருப்பதால் சிபியு வீணாகும். லினக்ஸில் 2008இல் சேர்ந்த வேர்ட்ஐஓவும், விஎம்வேர் 2009இல் கொண்டுவந்த விஎம்எக்ஸ்நெட்3உம் நடிப்பைக் கைவிட்டு, தாம் மெய்நிகர் என்பதை ஒப்புக்கொண்டே வேலை செய்கின்றன. 2023 நவம்பரில் புரோட்கொம் விஎம்வேரை வாங்கி, உரிம முறையை மாற்றிய பிறகு புரொக்ஸ்மொக்ஸ் என்ற மாற்று விஎம் மென்பொருளுக்கு இடம்பெயர்ந்தவர்கள் ஏராளம். (அதே பெயர் இங்கேயும் வருவதை ஹைப்பர்-வியில் அடிபட்டவர்கள் கவனித்திருப்பார்கள்.) வின்டோஸுடன் வேர்ட்ஐஓ ட்ரைவர் வருவதில்லை. ஆகவே இடமாற்றும்போது தற்காலிகமாக ஈ1000ஐப் போட்டு விஎம்மை எழுப்புவார்கள். எழுந்த பிறகு மாற்ற மறந்துபோவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வகையை மாற்றுவதே சரியான மருந்து.

பிறகு என்ன குறை?

அணைத்ததை யாரும் திரும்பப் போடுவதில்லை என்பதுதான் பெரிய குறை. புரோட்கொம் ட்ரைவரைத் திருத்தி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அறிவுரை மட்டும் கைமாறிக் கைமாறி, அட்டையின் பெயரையும் வேகத்தையும் உதிர்த்துவிட்டு, “ஹைப்பர்-வியா? விஎம்கியூவை அணை” என்று சுருங்கிவிட்டது. 10 கிகாபிட் அட்டையில் இதைச் செய்தால் வரும் பொதிகள் எல்லாம் ஒரே கோரின் தலையில் விழும். மந்தத்தைப் போக்க வந்த கை மந்தத்தை உண்டாக்கிவிட்டுப் போகும். எல்லா அணைப்பும் தவறு என்றும் இதற்குப் பொருளில்லை: பிஎஃப்சென்ஸ் ஃபயர்வோலை வேர்ட்ஐஓ அடாப்டரில் ஓட்டும்போது செக்சம் ஓஃப்லோடை அணைக்கும்படி அதன் அதிகாரபூர்வ ஆவணமே சொல்கிறது. எந்த அட்டை, எந்த ட்ரைவர், எந்த வேலை என்பதைக் குறிப்பிடும் அறிவுரைக்கும் குறிப்பிடாத அறிவுரைக்கும் உள்ள தூரம் அதிகம்.

இன்னொரு குறை திருகோணமலைக்கு நெருக்கமானது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்புக்குப் போய்வர 520 கிலோமீற்றர் என்றால் குறைந்தது 2.6 மில்லிசெக்கன். கேபிளின் சுற்றுவழியும் இடையில் உள்ள ரவுட்டர்களும் சேர, 5 என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்து அலுமாரியில் இருந்த கணக்கு சேர்வரை விஎம்மாக்கிக் கொழும்புத் தரவு மையத்துக்கு அனுப்பியாயிற்று. மாத அறிக்கையைத் திறக்க அந்த மென்பொருள் தரவுத்தளத்திடம் 2,000 கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. கட்டடத்துக்குள் அரை மில்லிசெக்கன் வீதம் 1 செக்கனில் முடிந்தது இப்போது 10 செக்கன் எடுக்கும். சிங்கப்பூரில் வைத்து, போய்வர 50 மில்லிசெக்கன் ஆனால் 100 செக்கன். இங்கே விஎம்மில் எதை அணைத்தாலும் ஆகப்போவது எதுவுமில்லை. இணைப்பை 100 மெகாபிட்டிலிருந்து 300 ஆக உயர்த்திக் காசு கட்டினாலும் அப்படித்தான். மென்பொருளைச் சேர்வருக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டு, திரையை மட்டும் திருகோணமலைக்குக் கொண்டுவருவது பலன் தரும்.

சேர்வருக்குள் விஎம்களின் நெரிசலும் வலையமைப்புக் கோளாறின் வேடத்தில் வரும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. புது சேர்வர் எட்டாக்கனியானால் பழைய சேர்வரில்தான் மேலும் மேலும் விஎம்களை ஏற்ற வேண்டும். பொதி வந்து காத்திருக்கும். அதை எடுக்க விஎம்முக்குச் சிபியு முறை கிடைக்காது. விஎம்வேரில் சிபியு ரெடி, லினக்ஸில் ஸ்டீல் என்று இந்தக் காத்திருப்புக்குத் தனி எண்ணே உண்டு. அடாப்டர் அமைப்பிலிருந்து கண்ணை எடுக்காதவருக்கு அந்த எண் தெரியாது.

அளந்தால் இவையெல்லாம் பிரிந்துவிடும். ஒரே ஹொஸ்டில் உள்ள இரண்டு விஎம்களுக்கிடையே பிங்கையும், வேகத்தை அளக்கும் ஐபர்ஃப்3 கருவியையும் ஓட்டுவது, பிறகு அடுத்த ஹொஸ்டுக்கு, பிறகு கொழும்புக்கு. எந்தக் கட்டத்தில் எண் கெடுகிறதோ அங்கேதான் நோய். அளவுகோலிலும் ஒரு கண் வேண்டும்: 2023 இறுதியில் வந்த 3.16 பதிப்புக்கு முந்திய ஐபர்ஃப்3 ஒரே த்ரெட்டில் ஓடியது, எனவே வேகமான இணைப்பில் கருவியே முட்டி நின்றுவிடலாம்.

ட்ரைவரைப் புதுப்பிக்காமல் வசதியை அணைத்து ஒப்பேற்றுவது, புதுப்பித்தலைத் தள்ளிப்போடும் பழைய பழக்கத்தின் கிளை. அரச அலுவலகங்களின் மின்னஞ்சலைத் தாங்கும் லங்கா அரச கிளவுட் 2023 ஓகஸ்ட்டில் ரான்சம்வேரால் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தபோது, ஆதரவுக் காலம் முடிந்த எக்ஸ்சேஞ்ச் 2013 அங்கே ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அது வேகம் பற்றிய கதையல்ல. ஒப்பேற்றலின் விலை பற்றியது.

அணைத்துப் பார்ப்பதை நோயறியும் சோதனையாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் எழுதும் அலுவலகங்கள் அதில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: எதை அணைத்தீர்கள், அணைக்கும் முன்னும் பின்னும் அளந்த வேகம் என்ன, எந்த ட்ரைவர் வந்ததும் மீண்டும் போடுவீர்கள் என்று திகதியிட்டு எழுதித் தரவேண்டும். அதை எழுதித் தராதவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.