மழையில் ஒரு தொங்குபாலம்

வில்லியம் ஃப்ரீட்கினின் ‘சார்சரர்’ 1977 ஜூனில் வெளிவந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்திருந்தது. கூட்டம் எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை. சுமார் 2.2 கோடி டாலரை விழுங்கிய படம் அதில் பாதியைக்கூடத் திருப்பித் தரவில்லை. ‘எக்சார்சிஸ்ட்’ எடுத்தவரின் அடுத்த படம், தலைப்போ மந்திரவாதி. பேய்ப்படம் என்று நம்பி வந்தவர்களுக்கு லாரி ஓட்டும் நாலு பேர்தான் கிடைத்தார்கள்.

விமர்சகர்களின் கோபம் வேறு. ஜார்ஜ் அர்னோவின் நாவலை 1953லேயே க்ளூஸோ அற்புதமாக எடுத்துவிட்டார், மறுபடி எதற்கு? லாரி கிளம்பவே இத்தனை நேரமா? மனசு ஒட்ட ஒருத்தன்கூட இல்லையே? நியாயமான கேள்விகள் போலத்தான் தோன்றும். என் கணக்கில், இந்தக் குறைகளில்தான் படமே நிற்கிறது.

வெராகுரூஸில் ஒரு கூலிக்கொலையாளி. ஜெருசலேமில் குண்டு வைக்கும் காஸெம். பாரிஸில் மோசடியில் சிக்கிய வங்கிக்காரர். நியூஜெர்சியில் தேவாலயப் பணத்தைக் கொள்ளையடித்த கும்பலின் டிரைவர் (ராய் ஷைடர்). யாரையும் நமக்குப் பிடிக்க வைக்க ஃப்ரீட்கின் மெனக்கெடவில்லை. நால்வரும் ஒளிந்துகொள்ளும் தென்னமெரிக்கக் குக்கிராமத்துக்கு வெகு தொலைவில் எண்ணெய்க் கிணறு தீப்பற்றுகிறது. அணைக்க வெடிமருந்து வேண்டும். இருப்பதோ நைட்ரோகிளிசரின் கசிந்த பழைய டைனமைட். ஹெலிகாப்டரின் அதிர்வே அதற்குப் போதும். இரண்டு ஓட்டை லாரிகள் காட்டுக்குள் இறங்குகின்றன. நடுவழியில் பெருமரம் ஒன்று குறுக்கே கிடக்கிறது. காஸெம் பேசாமல் ஒரு வெடிப்பொறி செய்ய ஆரம்பிக்கிறான். அந்தக் கைகளை ஜெருசலேமிலேயே பார்த்துவிட்டோம். அங்கே கொன்ற வித்தை இங்கே வழிவிடுகிறது. அந்த நீண்ட முன்கதை இல்லாவிட்டால் இது வெறும் சாமர்த்தியமாகப் போயிருக்கும்.

பிறகு அந்தப் பாலம். கொட்டும் மழை, பொங்கும் ஆறு, இற்றுப்போன பலகையும் கயிறும். ஒருவன் முன்னால் பின்நடையாக நடந்து கையைக் காட்டுகிறான், மற்றவன் அங்குலம் அங்குலமாக வண்டியை ஏற்றுகிறான். லாரி பாலத்தோடு சேர்ந்து ஒருபக்கமாகச் சாய்கிறது. டாஞ்சரின் டிரீம் குழுவின் மின்னிசை மற்ற இடங்களில் நரம்பைப் பிடித்து இழுக்கும். இங்கே இன்ஜின் உறுமலும் கயிற்றின் முனகலும்தான் இசை. கம்ப்யூட்டர் ஜாலம் எட்டிப்பார்க்காத காலம். பாலத்தின் அடியில் ஹைட்ராலிக் இயந்திரங்களை மறைத்து ஆட்டியிருக்கிறார்கள். டொமினிகன் குடியரசில் பாலத்தைக் கட்டியபின் ஆறு வற்றிப்போக, மெக்சிகோவில் வேறோர் ஆற்றைத் தேட வேண்டியிருந்தது. லாரி நிஜமாகவே தண்ணீரில் விழுந்தது, ஒரு முறை மட்டுமல்ல. திரையில் அந்தப் பாரம் தெரிகிறது. டிரைவர் நல்லவனா கெட்டவனா என்று கேட்க நமக்கு மூச்சு மிச்சமில்லை. க்ளூஸோவின் படத்தில் மனிதர்களுக்காகப் பதறுவோம்; இங்கே ஒரு டயருக்காக.

2013இல் வெனிஸ் விழாவில் புதுப்பித்த பிரதி திரையிடப்பட்டது முதல் படத்தின் மதிப்பு ஏறிவிட்டது. அதற்காகக் குறையே இல்லை என்று வாதாடமாட்டேன். கடைசியில் ராய் ஷைடர் தனியாக வண்டியோட்டும்போது, பிரமையைக் காட்ட ஃப்ரீட்கின் பிம்பத்தின்மேல் பிம்பம் அடுக்கி, செத்தவனின் சிரிப்பையும் சேர்த்துக் கொட்டுகிறார். ஷைடரின் சேறு அப்பிய முகமே அத்தனையையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. விமர்சகர்கள் அடிக்க வேண்டிய இடம் அதுதான்.