கட்டத்துக்குள் அடங்காத பம்பை

வீட்டில் இசையைப் பதிவு செய்ய எது உகந்தது: தனிப் பதிவுக்கருவியா, கணினி மென்பொருளா? விலை, வசதி என்ற அளவிலேயே இக்கேள்வி பெரும்பாலும் முடிந்துபோகிறது. கருவிகள் நடுநிலையானவை என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை. ஆனால் 'இசை என்றால் என்ன' என்பதற்கான ஒரு வரையறையைத் தன்னுள் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கருவியும் நம் வீட்டுக்குள் நுழைகிறது.

திருத்தணியில், ஓர் ஆடிக் கிருத்திகைக்கு முன்பு, காவடிக்குப் பம்பை அடிக்கும் பெரியவர் ஒருவரை நண்பர் வீட்டு அறையில் வைத்துப் பதிவு செய்தோம். கணினியில்தான், காதில் 'டிக் டிக்' என்று தாளம் ஓட. போட்டுக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இன்னா தம்பி, சாமி வர்ற நேரத்துல அடி ஏறணும். அத்த நேரா நிக்க வெச்சிட்டீங்களே."

இந்த வகை மென்பொருள்களைத் திறந்தால் எதிரே நிற்பது ஒரு கட்டம். நிமிடத்துக்கு 120 அடி, நாலுக்கு நாலு என்பது பெரும்பாலானவற்றில் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும். 1980களின் மிடி ஏற்பாட்டோடு நிலைத்த வழக்கம் இது. இயற்கை விதி ஒன்றுமில்லை. இக்கட்டத்தை அளவுகோலாக்கினால் பம்பையின் ஏற்றம் 'பிழை' ஆகிவிடுகிறது. 1997ல் வந்த ஆட்டோ-ட்யூன் குரலிடம் நடந்துகொள்வதும் இப்படித்தான்: சம இடைவெளியில் நிறுத்தப்பட்ட பன்னிரண்டு சுரங்களுக்கு நடுவே அசையும் கமகம் அதற்குத் திருத்தப்படவேண்டிய ஒன்று. முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை பிறந்ததாக மரபு சொல்லும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

அப்படியானால் தனிக் கருவியே விடுதலை என்று கொண்டாடிவிடலாமா? அதுவும் முடியாது. சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களை, அதாவது டிராக்குகளை, பதியும் போர்ட்டாஸ்டுடியோவை டாஸ்காம் 1979ல் கொண்டுவந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் வீட்டில் அதில் பதிந்த ஒத்திகைகளே 1982ல் 'நெப்ராஸ்கா' தொகுப்பாக வெளிவந்தன. ஸ்டுடியோவின் ஏகபோகத்தில் விரிசல் விழுந்தது உண்மை. ஆனால் தடங்கள் நிரம்பிவிட்டால் மூன்றை ஒன்றாகக் கலந்துதான் இடம் பிடிக்கவேண்டும். கலந்ததைப் பிரிக்க வழியில்லை. எந்த ஒலி மேலே, எது அடியில் என்பதைக் கலப்பவரே தீர்மானிப்பார். மறுபக்கம், 2000த்தில் வெளியான ஆடாசிட்டி மூலநிரலோடு இலவசமாகவே கிடைக்கிறது. சென்னைக்குப் பஸ் ஏறிப்போய் ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டமுடியாதவர்களுக்கு இது பெரிய கதவு.

இந்த இருமை எதிர்வைக் கலைத்துப்போடும் கருவிகளும் உண்டு. 2009ல் வந்த ஸூம் ஆர்16 ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும். ஒரே நேரத்தில் எட்டுத் தடங்களைப் பதியும். கணினியோடு இணைத்தால் அதற்குக் காதாகவும் வேலை செய்யும். மலைக்கோயிலுக்கு ஏறும் 365 படிகளில் எதிலும் அதை வைக்கலாம். தமிழும் தெலுங்குமாகக் கலந்துவரும் அரோகராவும் தடத்தில் விழும். அறைக்குள் பதிந்தபோது 'இரைச்சல்' என்று நாங்கள் கதவைச் சாத்தி வெளியே நிறுத்தியது அதைத்தான்.

களத்தில் தனிக் கருவி, வீட்டில் கட்டத்தை அணைத்த மென்பொருள்: இது என் தேர்வு. இதையும் பொதுவிதியாக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க முடியாது. தடத்தை வெட்டும்போது அடித்தவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். "இது வேணாம், அது இருக்கட்டும்" என்று அவர் சொன்னால் கை நிற்கவேண்டும். பதிவின்மேல் அவர் பெயரும் இருக்கவேண்டும்.