‘மாற்றுத்திறனாளி’: சொல்லும் அரசியல் பங்கேற்பும்

முன்னுரை

ஒரு சமுதாயம் தன் மக்களை எச்சொல்லால் சுட்டுகின்றது என்பது அவர்களுக்கு அது வழங்கும் இடத்தையும் காட்டும். உடற்குறையுடையோரைச் சுட்டும் தமிழ்ச் சொற்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. அம்மாற்றத்திற்கேற்ப அவர்தம் அரசியல் பங்கேற்பு, குறிப்பாகச் சமூக ஊடகங்களில், விரிந்துள்ளதா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சொல்லின் வரலாறு

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு உரைத்த புறநானூற்று 28ஆம் பாடல், பார்வையின்மை, கூன், செவிடு முதலான எட்டினை ‘எச்சம்’ எனத் தொகுக்கின்றது. ஆண்டு அவர்கள் அரசனுக்கு அறம் உணர்த்தும் சான்றுகளேயன்றித் தாமே பேசுவோர் அல்லர். ‘ஊனமுற்றோர்’ என்பதற்கு மாற்றாக ‘மாற்றுத்திறனாளிகள்’ என்பது 2010இல் தமிழ்நாட்டில் அரசு வழக்காயிற்று. இதனால் இழிவுப்பொருள் நீங்கியது. ஆயினும் இச்சொல்லும் தனிமனிதர் திறனையே நோக்குகின்றது. தடையை எழுப்பிய சமுதாயத்தை நோக்கவில்லை.

திரையும் தடையும்

அத்தடையைச் சமூக ஊடகங்களில் தெளிவாகக் காணலாம். அரசியல் கட்சிகளின் அறிக்கைகள் பலவும் படமாகவே பகிரப்படுகின்றன. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எழுத்துக்குறிகளையே ஒலியாக்கும். படத்துள் பொறித்த எழுத்தை, விளக்கக்குறிப்பு இல்லாதவிடத்து, அது பெரும்பாலும் தவறவிடுகின்றது. எழுத்துவரி இல்லாத காணொளி உரை செவித்திறன் குறைந்தோருக்கு எட்டுவதில்லை. எனவே விவாதம் தொடங்கும் முன்னரே இவர்கள் வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தேர்தல் தொடர்பான செய்திகள் அனைத்தும் அவர்கள் அணுகத்தக்கனவாக இருத்தலைத் தேர்தல் ஆணையத்தின் கடமையாக்குகின்றது. கட்சிகளின் ஊடகப் பக்கங்களை அது பெயர் சுட்டிக் கூறவில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எண்ணிமச் சேவைகளை அணுகும் உரிமையை வாழ்வுரிமையின் கூறாக ஏற்றது. அதே மாதத்தில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வழிசெய்யும் சட்டமுன்வடிவுகள் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறின. இது பெரும்பேறே. எனினும் நியமனம் இருக்கையைத் தரும். அவ்விருக்கையிலிருந்து பேசுதற்கு வேண்டிய செய்தியைத் தாராது.

முடிவுரை

இக்குறை கட்சிகளுக்கு மட்டும் உரியதன்று. தமிழாய்வேடுகள் பலவும் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களிலும் ஒளிப்படிகளிலும் முடங்கிக் கிடக்கின்றன. பார்வையற்ற தமிழ் மாணவர் தம்மைப்பற்றிய ஆய்வினையே பிறர் படிக்கக் கேட்கவேண்டிய நிலை இதனால் எழுகின்றது. பெயரைத் திருத்திய தமிழுலகம் இனித் தன் பக்கங்களைத் திருத்துதல் வேண்டும். அதுவரை ‘மாற்றுத்திறனாளி’ என்பது மதிப்புச் சொல்லாக நிற்குமேயன்றி உரிமைச் சொல்லாகாது எனலாம்.